அம்மாவின் சேலைகளில் போர்வை: யோசனை சொல்லுங்கள்

அம்மாவை இழந்த தோழியோடு சேர்ந்து, அவர் உடுத்திய நூல் சேலைகளில் ஒட்டுப்போர்வை தைக்கிறோம். முந்தானைகளை வெட்ட அவளுக்கு மனசு வராது. உடல் பகுதி மட்டும்தான். ஆறரை அங்குலச் சதுரங்கள் 80. ஒவ்வொரு ஓரத்திலும் தையலுக்குக் கால் அங்குலம் போக, 8-க்கு 10 வைத்தால் 48-க்கு 60 அங்குலம் வரும்.

சிக்கல் துணியில். துவைத்துத் துவைத்து நைந்த சேலை, வெட்டும்போதே குறுக்கே இழுபட்டுச் சதுரம் கோணலாகிறது. கஞ்சி போட்டு இஸ்திரி செய்து வெட்டினால் நிற்கிறது. ஆனால் தைத்து அலசியதும் தையலோரம் பிரிகிறது. ஏழு அங்குலமாக வெட்டி அரை அங்குலம் விடலாமா? பின்னால் ஒட்டுக் கேன்வாஸ் (இஸ்திரி சூட்டில் ஒட்டும் துணி) வைத்தால் பிரியாது, ஆனால் விறைத்துப்போகும். அவளுக்கு வேண்டியதே அந்த மென்மைதான்.

சிவப்புச் சுங்குடி ஒன்று இன்னும் சாயம் விடுகிறது. அதை வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்கலாமா, விட்டுவிடலாமா? (உப்புத் தண்ணீர் வேண்டாம், அது சாயத்தைப் பிடித்து நிறுத்தாது.)

மனசு சரியில்லாத நாளில் அவளுக்கு மெஷின் சத்தமே ஆகாது, கையால் ஓட்டுத்தையல் மட்டும் போடுவாள். நடுவில் பஞ்சுக்குப் பதில் பழைய சேலையே வைத்தவர்கள், வரிகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விட்டீர்கள்?