பையில் போகும் ஸ்டேப்ளருக்கு ஒரு பெயர் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

பெருந்துறையிலிருந்து, திங்கள் இரவு

குழுமத்தாருக்கு வணக்கம்.

தமிழ்வழி இயந்திரவியல் படிக்கும் என் மாணவர்கள் நாலு பேர், சட்டைப் பையில் அடங்கும் ஸ்டேப்ளர் ஒன்றை வடிவமைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அறிக்கை பைண்டிங்குக்குப் போகவேண்டும். வரைபடம் ஆயிற்று, கணக்கு ஆயிற்று, தலைப்புதான் நிற்கிறது. 'கையடக்க ஸ்டேப்ளர்' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டேன். அடித்த இடத்தில் என்ன எழுதுவதென்று எனக்கும் பிடிபடவில்லை.

பொருளைச் சொன்னால் சொல் தேட வசதியாக இருக்கும். மேசைமேல் இருக்கிற பெரியது 24/6 பின் போடுவது. 24 கம்பியின் கேஜ், அதாவது கம்பித் தடிமனுக்கான எண்; 6 பின்னுடைய காலின் நீளம், மில்லிமீட்டரில். பிள்ளைகள் எடுத்துக்கொண்டது 10-ஆம் எண் பின். கால் 5 மி.மீ., கம்பி ஏறக்குறைய அரை மி.மீ. ஆகவே 50 பின் ஒட்டிய பட்டை 25 மி.மீ. அளவில் அடங்கிவிடுகிறது, உடலைக் குட்டையாக்க முடிகிறது. ஆனால் குட்டையானதும் நெம்புகோலின் ஆதாயம் போய்விடும், உள்ளங்கை நோகும். அதற்காக மேல்கைக்கு மேலே இன்னொரு நெம்புகோல் ஏற்றியிருக்கிறார்கள். கை அழுத்தும் தூரம் கூடும், விசை குறையும்.

கருவிக்குப் பெயர், அதன் சின்ன வடிவத்துக்குப் பெயர், பின் பட்டை இருக்கிற கூடு, பின்னைத் தள்ளுகிற தகடு, காலை மடக்குகிற அடித்தட்டு. இவ்வளவும் வேண்டும்.

கோபியிலிருந்து, செவ்வாய் காலை

தம்பி, கடைசியாகக் கேட்டதற்கு முதலில் சொல்கிறேன். அது பட்டடை. 'சீரிடம் காணின் எறிதற்குப் பட்டடை நேரா நிரந்தவர் நட்பு.' 821-ஆம் குறள். அடி விழும்போது அடியில் கிடந்து தாங்குவது எதுவோ அது. கொல்லன் உலையில் பெரியது, உங்கள் பிள்ளைகள் கையில் நகத்தளவு. சொல் ஒன்றுதான்.

கருவிக்கு வருவோம். தாளைச் சேர்த்துக் கட்டுவது நமக்குப் புதிதா? ஏட்டுச் சுவடியில் இரண்டு துளை. ஒன்றில் கயிறு ஓடும், மற்றதில் நாராசம் என்கிற கம்பி நிற்கும். கயிறு உருவிப் போகாதபடி அதன் நுனியில் பனையோலையை ஈர்க்கோடு கத்தரித்துக் கோத்திருப்பார்கள். அதற்குக் கிளிமூக்கு என்று பெயர். எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த சுவடியில் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன், அத்தனை சின்னது, அத்தனை கச்சிதம். இப்போது அந்தக் குட்டி ஸ்டேப்ளரைப் பக்கவாட்டில் பாருங்கள். கிளியின் அலகேதான். கிளிமூக்கு என்றே வைத்துவிடலாம் என்பது என் ஆசை.

காங்கேயத்திலிருந்து, செவ்வாய் மதியம்

ஐயாவின் பட்டடைக்கு மறுப்பே இல்லை. நாராசம் வடசொல், தள்ளுவோம். கிளிமூக்கு அழகுதான், ஆனால் இன்று சந்தையில் கிளிமூக்கு என்றால் மாங்காயைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

என் முன்மொழிவு கொண்டி. கதவுக்குக் கொண்டி போடுகிறோம் அல்லவா, அதே கொண்டி. கொள் என்ற வேரிலிருந்து வந்தது. பட்டினப்பாலையில் 'கொண்டி மகளிர்' வருகிறார்கள், சிறைபிடித்து வந்த பெண்கள் என்பது உரை. அடங்காமல் அடுத்தவன் காட்டில் மேய்கிற மாட்டைக் கொண்டி மாடு என்கிறோம், பிறர் பயிரைக் கொள்வதால். பற்றுவது, பிடிப்பது, விடாமல் வைத்துக்கொள்வது எல்லாம் அந்த ஒரே வேரில் இருக்கிறது. சின்னதற்குக் குறுங்கொண்டி. நன்னூல் 136-ஆம் நூற்பாவின் 'இனம் மிகல்' விதிப்படி குறுமை என்பதில் மை போய், ங் வந்து நிற்கும். நன்னூல் செய்த பவணந்தியின் ஊர் என்று சொல்லப்படும் சீனாபுரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிற பெருந்துறைக்காரருக்கு அவரை நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

இன்னொன்று. 'பின்' என்ற ஆங்கிலத்தை அறிக்கையில் எங்குமே விடாதீர்கள். ஒன்றை விட்டால் பத்து வரும்.

சூலூரிலிருந்து, செவ்வாய் இரவு

ஏனுங்க, லேத் பட்டறை வெச்சிருக்கறவன் சொல்றதையும் கொஞ்சம் கேளுங்க. கொண்டின்னா அது பின்னுக்குப் பேரா, மெஷினுக்குப் பேரா? கதவுல மாட்டற கொண்டி அந்தப் பின்னாட்டத்தான் இருக்குது. அப்ப அதை அடிக்கற மெஷினுக்கு வேற பேரு தேடோணும்.

ஆபீஸ்ல, கோர்ட்டு வாசல்ல, ஜெராக்ஸ் கடையில ஜனங்க என்ன சொல்றாங்க? 'இதைப் பின் அடிச்சுக் குடுங்க'. வினைச்சொல்லு அவங்க வாயிலயே தயாரா இருக்குது. பின்னடிப்பான்னு வெச்சாப் போதுமுங்க. கோயமுத்தூர்ல 1955-ல சபாபதிங்கறவர் ஆட்டாங்கல்லுக்கு மோட்டார் பூட்டுனாரு, அதுக்குக் கிரைண்டர்ங்கற பேரே நின்னுபோச்சு. அப்பறம் அதைச் சின்னதாக்கி மேசைமேல வெச்சாங்க, டேபிள் டாப்னு ஊரெல்லாம் சொல்லுது. பொருளு நம்முளுது, பேரு போயிருச்சேங்கற வருத்தம் எனக்கும் இருக்குது. ஆனா அன்னிக்கு யாராச்சும் வாயில நுழையற பேரு ஒண்ணு குடுத்திருந்தா ஜனங்க வேண்டாம்னா சொல்லியிருப்பாங்க?

நன்னூல்லயே 462 இருக்குதுங்களே, 'பழையன கழிதலும் புதியன புகுதலும்'.

கோபியிலிருந்து, புதன் காலை

'பின்' முழுக்க ஆங்கிலம் என்று காங்கேயத்துத் தம்பி முடிவு கட்டிவிட்டார். பின்னு, பிணை, பிணி, பிணிப்பு எல்லாம் நம் குடும்பம். பின்னல் என்பது கோத்து இறுக்குவதுதானே? அந்த வழியில் 'பிணிப்பி' என்று ஆக்கலாம். கிளிமூக்கை நான் இன்னும் விடவில்லை.

திருப்பூரிலிருந்து, புதன் மாலை

பெரியவர் மன்னிக்கணும். ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். பிணி என்று கண்ணில் பட்டதுமே நோய்தான் நினைவுக்கு வரும். அறிவிப்புப் பலகையில் பிணிப்பி என்று எழுதினால் நோய் பரப்புவது ஏதோ என்று ஒதுங்கிப் போவார்கள். சூலூர் அண்ணாவின் சொல்லும் சிக்கல்தான். பின்னடிப்பான் என்றால் முதுகுக்குப் பின்னால் அடிப்பவன் என்றும் பிரியும்.

நான் தைப்பி என்பேன். நூல் இல்லாமல் தையலா என்று எங்கள் ஊர் டெய்லர்கள் கேட்கலாம். முள் தைத்தது, அம்பு தைத்தது என்கிறோமே, அங்கே நூல் ஏது? குத்தி உள்ளே நிற்பது தைப்பு. கம்பி செய்வதும் அதுதான்.

சின்னதற்கு மடித்தைப்பி. 2011-இலிருந்து அரசு பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்தது. பொருள் கையில் வந்தது, சொல்லும் கூடவே வந்து வீட்டில் உட்கார்ந்துகொண்டது. அங்கே மடி என்பது தொடைமேல் வைக்கிற மடி. இங்கே அப்பாரு வெற்றிலை முடிந்து வைத்திருந்த இடுப்பு மடி. பையில் போகிற கருவிக்கு அது இன்னும் பொருந்துகிறது. கம்பியின் காலை மடிப்பதும் உள்ளே கேட்கிறது.

காங்கேயத்திலிருந்து, புதன் இரவு

தைப்பி தமிழ்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தையல் எந்திரத்துக்கு நாளை என்ன சொல்வீர்கள்? மடித்தைப்பி என்று படித்தால் துணியை மடித்துத் தைக்கிற எந்திரம் என்றுதான் திருப்பூரில் எவரும் நினைப்பார்.

பின் பட்டை இருக்கிற கூட்டுக்குப் பின்கூடு என்று யாரோ தனிமடலில் சொன்னார்களாம். நம் சொல்லானால் னகரம் திரிந்து பிற்கூடு ஆகவேண்டும், திரியாவிட்டால் அயற்சொல் என்று அதுவே காட்டிக்கொடுக்கிறது.

திருப்பூரிலிருந்து, வியாழன் காலை

மடியைப் பற்றிய மறுப்பு நியாயம், எடுத்துக்கொள்கிறேன். குறுந்தைப்பி ஆகட்டும். கூட்டுக்குள் இருப்பது பட்டை, ஆகவே பட்டைக்கூடு. அங்கே புணர்ச்சிச் சண்டை வராது.

பெருந்துறையிலிருந்து, வியாழன் இரவு

எல்லோருக்கும் நன்றி. பட்டடை, பட்டைக்கூடு, தள்ளுதகடு மூன்றும் நின்றுவிட்டன. தள்ளுதகடு வினைத்தொகை, ஒற்று மிகாது என்று பிள்ளைகளே திருத்தினார்கள், அது எனக்குப் பெரிய சந்தோஷம். தலைப்பில் குறுந்தைப்பி போகிறது. முதல் பத்தியில் ஒரே ஒருமுறை 'ஸ்டேப்ளர் எனப்படும் தைப்பி' என்று வரும். பின், பின்னாகவே இருக்கிறது. அதற்கு மாற்று தேட நேரமில்லை. பட்டடை வந்த பக்கத்தில் குறளைச் சேர்த்திருக்கிறார்கள், நான் சொல்லாமலே.

ஆய்வகத்தில் அவர்கள் அதைக் 'குட்டி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். 'குட்டியை எடுத்தா'. அதையும் இங்கே பதிந்துவைக்கிறேன்.

காங்கேயத்திலிருந்து, வெள்ளி காலை

அச்சுக்குப் போயிருக்கும், தடுக்கவில்லை. கொண்டி என் வாக்கு என்று இந்த இழையில் இருக்கட்டும். சூலூர்க்காரர் கேட்ட கேள்விக்கு இரவெல்லாம் யோசித்தேன். அவர் சொன்னது சரி, கொண்டி பின்னுக்கே பொருந்தும். அப்படியானால் அடுத்த அறிக்கையில் 'பின்' வரும் இடமெல்லாம் கொண்டி என்று போடலாமே? தைப்பி கொண்டியை அடிக்கட்டும்.