காண்டெஸா 1.8 இசுஸு இன்ஜினுக்கு பிஸ்டன் எங்க கிடைக்கும்?

அண்ணாச்சிமாரே, வணக்கம். பாளையங்கோட்டையில வீட்டு ஷெட்லயே மாமாவோட பழைய காண்டெஸா கிளாசிக் காரைப் பிரிச்சு வேலை பாத்துட்டு இருக்கேன். பெட்ரோல், 1817 சிசி இசுஸு இன்ஜின். அந்தக் காலத்துல நம்ம ரோட்டுல இது இழுத்த இழுப்புக்குப் பழைய 1.5 லிட்டர் அம்பாசடர் பக்கத்துல வர முடியாது.

இன்ஜின் மேல் மூடியான ஹெட்டை இறக்கியாச்சு. மூணாவது சிலிண்டர்ல மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழ நகத்தை ஓட்டினா நல்லாவே தட்டுது. சுவத்துல மேலிருந்து கீழ ரெண்டு கோடும் விழுந்திருக்கு. லேசாத் தேய்ச்சு விடற ஹோனிங் போட்டுச் சமாளிக்கிற நிலைமை இல்ல, சிலிண்டரைக் கடைஞ்சு பெருசாக்கற ரீபோர்தான். ஸ்டாண்டர்டு போர், அதாவது சிலிண்டரோட உள்விட்டம், 84 மில்லி. அரை மில்லி ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங் செட்டு நம்ம பக்கம், இல்ல மதுரை, கோயம்புத்தூர்ல யார்கிட்டயாவது இருக்குமா? பிஸ்டன் கையில வந்து அளந்த பிறகுதான் பிளாக்கை லேத்துக்குக் கொடுப்பேன். முதல்லயே போர் அடிச்சிட்டு பிஸ்டன் தேடி அலையறது சரியா வராது.

பேட்டைப் பக்கம் பழைய பிளாக்கை நிதானமா, டயல் கேஜ் வச்சு அளந்து செய்யற லேத் தெரிஞ்சாலும் சொல்லுங்க.

வேற இன்ஜின் மாத்தச் சொல்லி நிறைய பேர் சொல்லுதாங்க. ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சில ஏத்தணும். அதை விட, இந்த இன்ஜினோட சத்தம் எனக்கு வேணும். கார்புரேட்டர் மட்டும் வெபர் கம்பெனியோடது போடலாம்னு ஆசை. இதே இன்ஜின்ல போட்டு ஓட்டினவங்க இருந்தா, ஜெட் (பெட்ரோல் போற துளை) சைஸும் மைலேஜும் சொல்லுங்க அண்ணாச்சி.