மின்சாரம் போன இரவில் அபாயப் பொத்தான் யாரை அழைக்கும்?

மார்த்தாண்டம், கருங்கல், தக்கலைப் பக்கமிருந்து இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகள் வாடகை வீடு, வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றையும் விசாரிக்கிறீர்கள். யாரும் விசாரிக்காத ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து அம்மாவையோ மாமியாரையோ அழைத்து வந்து, இரவுப் பணிக்குக் கிளம்பும்போது அவர் கழுத்தில் அபாயப் பொத்தானை (அழுத்தினால் வீட்டிலுள்ள அலாரப் பெட்டி தொலைபேசி வழியாகக் கண்காணிப்பு மையத்தை அழைக்கும்) மாட்டிவிட்டுப் போகிறீர்களா? மின்சாரம் போன பிறகும் அது வேலை செய்யுமா என்று முதலில் பாருங்கள்.

2021 நவம்பர் 26 இரவு ஆர்வென் புயல் அடித்தபோது நாங்கள் இங்கிலாந்தின் வடகிழக்கில் இருந்தோம். நான் மருத்துவமனையில், அம்மா மட்டும் வீட்டில். மின்சாரம் போனது. குளியலறை வாசலில் இருட்டில் தடுக்கி விழுந்த அம்மா பொத்தானை அழுத்தியிருக்கிறார். ஹாலில் இருந்த அலாரப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது, 'தொலைபேசி இணைப்பு இல்லை' என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. அம்மாவுக்கு அது புரியவில்லை. யாரோ வருகிறார்கள் என்று நம்பி, முழங்காலைப் பிடித்தபடி தரையிலேயே காத்திருந்தார். காலையில் நான்தான் வந்து தூக்கினேன். எலும்பு முறியவில்லை, கடவுள் காப்பாற்றினார். 2017 ஒக்கிப் புயலில் பல நாள் இருட்டில் கிடந்தவர் அவர். "இங்கே யாரும் இன்வெர்ட்டர் வைப்பதில்லையா மக்களே?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

தக்கலை வீட்டில் மின்வெட்டு நேரத்திலும் பழைய தொலைபேசியை எடுத்தால் டயல் டோன் கேட்கும். தொலைபேசி நிலையத்தின் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் அந்தச் செம்புக் கம்பியிலேயே வந்துகொண்டிருந்ததுதான் காரணம். இங்கிலாந்து வீட்டில் எங்களுக்கு இருந்த இணையத் தொலைபேசிக்கு அந்த வசதி கிடையாது. பேச்சு ரூட்டர் வழியாகப் போகிறது. ரூட்டரும், இணையக் கம்பி வீட்டுக்குள் வந்து சேரும் ஃபைபர் பெட்டியும் உங்கள் வீட்டுச் சுவரிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. அலாரப் பெட்டிக்குள் தனி பேட்டரி இருப்பதால் அது மட்டும் விழித்துக்கொண்டிருக்கும். பார்ப்பவர்கள் ஏமாறுவது அதனால்தான். பிரிட்டனில் பழைய இணைப்புகளை 2027 ஜனவரிக்குள் மூடப் போகிறார்கள், ஆகவே புதிதாக வருகிற உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இணையத் தொலைபேசிதான்.

வீட்டுத் தொலைபேசியை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கு, மின்தடையின்போது குறைந்தது ஒரு மணி நேரம் அவசர உதவி எண்ணான 999-ஐ அழைக்கத் தொலைபேசி நிறுவனம் வழிசெய்து தர வேண்டும் என்பது ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் விதி. கேட்டு வாங்குங்கள். ஆனால் ஒரு மணி நேரம் எந்த மூலைக்கு? ஆர்வென் புயலில் ஒரு வாரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாத வீடுகள் இருந்தன. அமெரிக்காவில் 24 மணி நேர பேட்டரியைக் கேட்டு வாங்கலாம் என்ற விதி 2025 செப்டம்பர் வரை இருந்தது; செலவு வாங்குபவருடையது.

நான் பிறகு செய்தது இது. ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சிறிய யூ.பி.எஸ். வைத்தேன். இரண்டும் சேர்ந்து 15 முதல் 20 வாட் இழுக்கும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் கணக்கில் 84 வாட்-மணி, நடைமுறையில் நான்கு மணி நேரம் ஓடினால் நல்லது. ரூட்டருக்கு மட்டும் வைத்துவிட்டு ஃபைபர் பெட்டியை மறந்தால் ஒரு பயனும் இல்லை. அதற்கும் மேலாக, சிம் கார்டு உள்ள அலாரப் பெட்டிக்கு மாறினேன். ஒரே நிறுவனத்தின் சிக்னலை நம்பாமல், கிடைக்கிற சிக்னலைப் பிடிக்கும் சிம்மாகக் கேளுங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய 3ஜி பெட்டியை வாங்காதீர்கள். செல்போன் கோபுரங்களின் பேட்டரியும் தீரும், ஆர்வென் சமயத்தில் அதுவும் நடந்தது. அதனால்தான் இரண்டு வழியும் வைத்திருக்கிறேன்.

மின்சாரம் இருக்கும்போதே தவறுகிற அலாரங்களும் உண்டு. பழைய பெட்டிகள் தகவலை ஒலிக்குறிகளாக அனுப்பும். இணையத் தொலைபேசி குரலைச் சுருக்கி அனுப்பும்போது அந்தக் குறிகள் சிதைந்துபோகலாம். உங்கள் பெட்டி இணைய இணைப்புக்குச் சரிப்படுமா என்று அலார நிறுவனத்திடமே கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

இந்த வாரமே ஒரு நாள், கண்காணிப்பு மையத்துக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்து, அம்மாவையே பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். மறுமுனையில் மனிதக் குரல் கேட்க வேண்டும். பெட்டி என்னென்ன சொல்லும் என்பதை அவருக்குத் தமிழில் சொல்லிக்கொடுங்கள். மின்தடையைத் தெரிவிக்க 105 என்ற எண்ணைக் கதவில் ஒட்டிவையுங்கள்.

ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் இதே கதைதான். அம்மா தக்கலைக்குத் திரும்பிய பிறகு பார்த்தால், அங்கே விசிறிக்கும் விளக்குக்கும் இன்வெர்ட்டர் இருக்கிறது, ஆனால் கேமராவும் அலாரமும் நம்பியிருக்கும் ஃபைபர் பெட்டி இன்வெர்ட்டர் லைன் வராத பிளக்கில் செருகப்பட்டிருந்தது. எலக்ட்ரீஷியன் வந்து மாற்றிக்கொடுக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை.