மரத்தோணியில் ஒரு மணித்தியாலம்: திருகோணமலையில் எங்கே ஏறுவது, எதைப் பார்த்து ஏறுவது?

உவர்மலை_நிலா:

எல்லாருக்கும் வணக்கம். ஓகஸ்ட் விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் ஆறு பேர் வருகினம். எழுபது வயது தாண்டிய இரண்டு பேரும் ஏழு வயதுப் பிள்ளை ஒன்றும் அதில் அடக்கம். புறாத்தீவுக்கு ஓடுகிற ஃபைபர் படகு வேண்டாமாம். பழைய முறையில் பலகை வைத்துக் கட்டின தோணியில் ஒரு மணித்தியாலம், கூடினால் ஒன்றரை மணித்தியாலம் சுற்ற வேண்டுமாம். கோணேசர் கோயிலைக் கடலிலிருந்து கும்பிட வேண்டும் என்பது பெரியவர்களின் ஆசை.

எந்தப் பக்கம் போவது, எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது, தோணிக்காரரிடம் என்ன கேட்பது, ஏற முன்னம் எதைப் பார்ப்பது? தெரிந்தவர்கள் விபரமாகச் சொல்லுங்கோ.

கொட்டியாரக்காற்று:

தங்கச்சி, முதலில் தண்ணியைத் தெரிவு செய்யுங்கோ, தோணியைப் பிறகு பார்க்கலாம். கோட்டையும், கோணேசர் கோயில் இருக்கிற சுவாமிமலையும் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற நிலத்துண்டு. அதற்கு வடக்கே திருக்கடலூர், அலஸ்தோட்டம், உப்புவெளி வரை வளைந்து கிடக்கிறது பெரிய குடா. தெற்கே டச் பே. அதற்கும் அப்பால் உட்துறைமுகம், கொட்டியாரக்குடா. இந்த நாலும் ஒரே ஊரின் கடல் என்றாலும் ஒரே நாளில் நாலு விதமாக இருக்கும்.

ஓகஸ்ட் என்றால் தென்மேற்குப் பருவக்காற்று. மழை மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே கொட்டி முடிய, எங்கள் பக்கம் அது காய்ந்த கச்சானாக வந்து இறங்கும். தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிற காற்று. புதிதாக வருகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். உப்புவெளிக் கரையில் நின்று பார்த்தால் கடல் தகடு போலத் தெரியும், ஏனென்றால் காற்று கரையோரத்தில் அலையெழுப்ப இடம் காணாது. அரைக் கிலோமீற்றர் வெளியே போனால் அலை குறுகிக் குத்தும். அந்த நேரம் எஞ்சின் நின்றால் காற்று தோணியைக் கரைக்குக் கொண்டுவராது, வெளிக்கடலுக்குத் தள்ளும். ஆறு பேர் இருக்கிற தோணியை இரண்டு சவளால் (துடுப்பால்) கச்சானுக்கு எதிரே வலித்துக் கொண்டுவருவது லேசில்லை.

அதனால் விடியக் காலை ஆறு மணிக்குத் தோணியில் இருக்க வேண்டும், எட்டு எட்டரைக்குள் கரையில் இறங்கிவிட வேண்டும். வெளிச்சத்துக்கும் அந்த நேரமே பொருந்தும். சுவாமிமலையின் செங்குத்து முகம் கிழக்கே பார்க்கிறது, காலை வெயில் நேரே அதில் விழும். பின்னேரம் போனால் பாறை நிழலுக்குள் கறுத்து நிற்கும், இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுகூடச் சரியாகத் தெரியாது.

முதல்நாள் இரவு வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பிரதேச அறிக்கையைப் பாருங்கோ. திருகோணமலைக் கரைக்குக் காற்று மணிக்கு 30–40 கிலோமீற்றர் வேகம் என்று போட்டிருந்தால் மரத்தோணி எண்ணத்தை அன்றைக்கு விட்டுவிடுங்கோ. காலையில் கரையில் நின்றும் ஒருமுறை பார்க்க வேண்டும். தூரத்தில் வெள்ளை நுரை இடைக்கிடை தெரிந்தால் காற்று ஏற்கெனவே எழும்பிவிட்டது.

பலகையும்_கயிறும்:

மேலே அண்ணா சொன்னது சரி. நான் தோணியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மரத்தோணிக்குள் கொஞ்சம் தண்ணி நிற்பது பழுதில்லை. பலகைகளின் பொருத்துக்குள் பஞ்சோ தும்போ திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசிக் கலப்பத்து அடித்திருப்பார்கள். கரையில் வெயிலுக்குள் பல நாள் கிடந்தால் பலகை சுருங்கிப் பொருத்து வாய் திறக்கும். திரும்பக் கடலில் போட்டதும் ஊறும். பலகை தண்ணி குடித்து உப்பின பிறகுதான் அந்த ஒழுக்கு நிற்கும். ஆகையால் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “தோணி கடைசியாக எப்ப கடலுக்குப் போனது?” நேற்றுப் போன தோணி நல்லம். உங்களுக்காக இரண்டு கிழமைக்குப் பிறகு இறக்குகிற தோணி வேண்டாம். அப்படியானதை முதல்நாளே தண்ணியில் கிடக்கவிட்டு ஊற வைக்க வேண்டும்.

வந்ததும் அடித்தளத்தைப் பாருங்கோ. தண்ணியை முழுக்க இறைக்கச் சொல்லி, கால் மணித்தியாலம் கழித்துத் திரும்பப் பாருங்கோ. ஒரு சிரட்டையளவு ஊறியிருந்தால் பிரச்சினையில்லை. கணுக்கால் நனைகிற அளவு நின்றால் ஏறாதேங்கோ. நிற்கும்போதே அப்படி ஊறுகிற தோணி ஆறு பேரின் பாரத்தோடு ஓடும்போது இன்னும் மோசமாகும், வங்கும் (உள்ளே குறுக்காக வளைத்து வைத்த சட்டமும்) பலகையும் அசைய அசைய ஆணித்துளை பெருக்கும்.

அணியத்தில் (தோணியின் முன்முனையில்) நிமிர்த்தின பலகையும் ஏராவும் (நீள அடிக்கட்டையும்) சேருகிற இடத்தைக் கையால் தட்டிப் பார்க்கலாம். கெட்டியான மரம் கணீரென்று கேட்கும். உள்ளே கப்பற்புழு துளைத்திருந்தால் சத்தம் மந்தமாக இருக்கும், மேலே பூச்சு புதிதாகப் பளபளத்தாலும் சரி. புதுப் பூச்சைக் கண்டு மயங்க வேண்டாம் என்று இதனால்தான் சொல்வது. ஒழுங்காகப் பராமரிக்கிறவர்கள் தோணியை இடைக்கிடை கரையேற்றிக் காயவைத்து, புழுவைச் சாகவிட்டு, எண்ணெய் பூசித்தான் திரும்ப இறக்குவார்கள். கவனிப்பு இருந்தால் மரம் நின்று பிடிக்கும். எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கி 1817இல் பம்பாயில் தேக்கில் கட்டின போர்க்கப்பல் இன்றைக்கும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டு நிற்கிறது.

எல்லாரும் ஏறி இருந்த பிறகு விளிம்பிலிருந்து தண்ணி எவ்வளவு கீழே இருக்கிறது என்று பாருங்கோ. ஒன்றரைச் சாணுக்குக் குறைந்தால் ஒரு ஆள் இறங்க வேண்டும். இதில் தயவு தாட்சண்யம் பார்க்கக் கூடாது. ஆறு பேரையும் இரண்டு தோணியில் பிரித்து ஏற்றினால் இன்னும் நல்லம். ஒன்றுக்கு ஏதும் நடந்தால் மற்றது கட்டி இழுக்கும்.

ஒரு பக்கம் மிதவைக்கட்டை கட்டின வள்ளம் கிடைத்தால் ஒரு விசயத்தை நினைவில் வைக்க வேண்டும். கட்டை இருக்கிற பக்கம் சாய்ந்தால் கட்டையின் மிதப்பு தாங்கும். மற்றப் பக்கம் எல்லாரும் சாய்ந்தால் கட்டை மேலே தூக்கும், வள்ளம் கவிழும். ஏறுவதும் கட்டைப் பக்கத்தால்தான்.

உவர்மலை_நிலா:

மிச்சம் நன்றி. அப்படியென்றால் சுவாமிமலைக்குக் கிட்டப் போகவே ஏலாதா? பெரியவர்கள் அதற்காகத்தான் வருகினம்.

கொட்டியாரக்காற்று:

போகலாம், எவ்வளவு கிட்ட என்பதுதான் விசயம். பாறையடி ஆழமானது. வெளிக்கடலிலிருந்து வருகிற அலை உடையாமல் நேரே பாறையில் மோதித் திரும்பும். போகிற அலையும் திரும்புகிற அலையும் சந்திக்கிற இடத்தில் தண்ணி ஒரு ஒழுங்கில்லாமல் கூம்பு கூம்பாக எழும்பும். காற்றில்லாத நாளிலும் இது இருக்கும். கனமான ஃபைபர் எஞ்சின் படகு அதைத் தாண்டிப் போகும், தாழ்ந்த விளிம்புள்ள தோணிக்குள் தண்ணி குதித்து விழும்.

திருக்கடலூர்ப் பக்கமிருந்து வெளிக்கிட்டு, கோட்டைச் சுவரை வலக்கைப் பக்கம் விட்டு, கரையோடு ஒட்டியபடி கிழக்கே போங்கோ. முனைக்கு முன்னமே, குடாவின் மறைவுக்குள் நின்றே மலையும் கோயிலும் தெரியும். அங்கே நின்று கும்பிடலாம். கடல் உண்மையாகவே கிடையாகக் கிடந்தால் மட்டும், தோணிக்காரர் தானாகச் சம்மதித்தால் மட்டும், முனையைச் சுற்றிக் கிழக்கு முகத்தைப் பார்க்கலாம். அப்போதும் பாறையிலிருந்து நூறு மீற்றராவது விலகி நிற்க வேண்டும். அவர் “இன்றைக்கு வேண்டாம்” என்று சொன்னால் கூடக் காசு தருகிறோம் என்று நெருக்காதேங்கோ.

பிள்ளைக்குச் சொல்ல ஒரு விசயமும் இருக்கிறது. போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, 1624இல் அந்தக் கல்லையும் வைத்துக் கோட்டை கட்டினார்கள். மிச்சம் கடலுக்குள் போனது. 1956இல் சுழியோடி மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அந்தப் பாறையடியில் மூழ்கிப் பழைய தூண்களின் எச்சங்களைக் கண்டார்கள். தோணியில் இருக்கும்போது, அந்தப் பாறையடிக் கடலுக்குள் கிடப்பது அதுதான் என்று சொல்லிக் காட்டுங்கோ.

சீனக்குடா_மெக்கானிக்:

எஞ்சினைப் பற்றி ஒருத்தரும் எழுதவில்லை. பயணம் கெடுவது பெரும்பாலும் அதில்தான்.

எங்கள் பக்கம் பல தோணியில் மண்ணெண்ணெய் எஞ்சின். பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்த முன்னம் திரும்பப் பெற்றோலுக்கு மாற்றிச் சில நிமிசம் ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் காபரேற்றருக்குள் மண்ணெண்ணெய் நின்று, ஆறின எஞ்சின் திரும்பப் பிடிக்காது. சுற்றிப் பார்க்கிறவர்கள் என்ன செய்கிறார்கள்? படம் எடுக்க, சத்தமில்லாமல் இருக்க, “அண்ணை, ஒருக்கா நிப்பாட்டுங்கோ” என்று நடுக்கடலில் திடீரென்று சொல்கிறார்கள். நிற்க விரும்புகிற இடங்களைக் கரையிலேயே சொல்லிவிடுங்கோ, அவர் அதற்கேற்ற மாதிரி மாற்றிக்கொள்வார்.

எஞ்சின் ஓடும்போது பின்னால் சிறிய துவாரத்தால் தண்ணி பீச்சிக்கொண்டிருக்க வேண்டும். குளிர்த்தித் திரும்புகிற தண்ணி அது. நின்றுவிட்டால் சொப்பிங் பை உறிஞ்சியிருக்கும், உடனே நிறுத்திக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் இறுகும். மணல் மேட்டில் எஞ்சினின் விசிறி அடித்தால் அதில் செருகின ‘பின்’ என்கிற சிறு ஆணி முறியும். முறியத்தான் அந்தப் பின் போட்டிருக்கிறது, கியர் தப்பும். ஆனால் மாற்றுப் பின்னும் குறடும் தோணியில் இருக்க வேண்டும். எண்ணெய்க்குக் கணக்கு லேசு: போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு. இவற்றோடு இரண்டு சவள், நங்கூரம், நீளக் கயிறு, இறைக்கிற வாளி. வாளியைக் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறவரைக் கண்டால் நம்பி ஏறலாம்.

ஏறுவது ஒவ்வொருத்தராக. கால் வைப்பது நடுவில், விளிம்பில் இல்லை. எஞ்சினும் ஓட்டுகிறவரும் பின்னால் என்பதால் பாரமான ஆக்கள் நடுவிலும், லேசானவர்கள் கொஞ்சம் முன்னாலும் இருக்க வேண்டும். எல்லாரும் பின்னால் குவிந்தால் பின்பக்கம் தாழ்ந்து தண்ணி ஏறும். முன்னால் குவிந்தால் அணியம் அலைக்குள் குத்தி, தோணி பக்கவாட்டில் திரும்பிவிடும். கோயில் மணி கேட்டது, ஓங்கில் (டொல்பின்) துள்ளினது என்று எல்லாரும் ஒரே பக்கம் எழும்புவதுதான் தோணி கவிழ்வதற்கு முதற் காரணம். பெரியவர்களுக்குக் குறுக்குப்பலகை உயரமாகப்பட்டால் அடியில் பாய் விரித்து இருத்துங்கோ, ஆட்டமும் குறையும்.

பிள்ளைக்குப் பெரிய ஆளின் உயிர்காப்பு அங்கியைப் போட்டு இறுக்குவது பிரயோசனமில்லை. தோளில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கோ. காதுவரை ஏறினால் தண்ணிக்குள் கழன்றுவிடும்.

திரும்பி வந்து இறங்கும்போது தோணிக்கும் கரைக்கும் நடுவில் ஒருத்தரும் நிற்கக் கூடாது. கரையலை ஒன்று வந்து தோணியைத் தூக்கிப் போட்டால் கால் அகப்படும். இறங்குவது கடல் பக்கத்தாலும் இல்லை, பக்கவாட்டில், அலை தணிகிற இடைவெளியில்.

கிண்ணியா_களப்பு:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எழுபது வயதுக்காரர் இருக்கிறபடியால் ஒன்று சொல்றேன் தங்கச்சி. கோயிலைத் திருக்கடலூர்ப் பக்கம் அரை மணித்தியாலத்தில் காட்டிப்போட்டு, மிச்ச நேரத்தைக் களப்பில் செலவழியுங்க. தம்பலகாமக்குடா, உப்பாற்றுப் பக்கம், வடக்கே என்றால் இறக்கக்கண்டி. தோணிக்கு உரிய தண்ணி அதுதான். ஆழம் குறைவு, அலை இல்லை, எஞ்சினே வேண்டாம், தாங்குகோலால் ஊன்றிப் போகலாம். கண்டல் மரத்தின் வேருக்குக் கிட்டப் போனால் நண்டும் மீன்குஞ்சும் தெரியும், கொக்கும் மீன்கொத்தியும் சத்தத்துக்குப் பறக்காமல் இருக்கும். 2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாச் சனம் ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் கடந்த தண்ணி இது. பெரியவங்களுக்கு அந்த ஞாபகமும் இருக்கலாம்.

களப்பு வாயை மட்டும் தவிருங்க. எங்கட கடலில் வற்று பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவுதான், ஆனால் அவ்வளவு தண்ணியும் ஒடுங்கின வாயால் போய்வரும்போது இழுவை இருக்கும். வாயில் மணல்மேடும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். தோணிக்காரர் அந்த ஊர்க்காரராக இருக்கவேணும், வேறு கரையிலிருந்து வந்தவருக்கு நேற்றைய மேடு தெரியாது.

உட்துறைமுகமும் அமைதியான தண்ணிதான், ஆனால் கடற்படைத் தளமும் கப்பல் போக்குவரத்தும் இருக்கிற இடம். அனுமதியுள்ள தோணிக்காரரோடு மட்டும் போங்க, கடற்படைப் பக்கம் கமராவைத் திருப்பாதீங்க. பெரிய படகு கடந்துபோனால் அதன் அலையைப் பக்கவாட்டில் வாங்காமல், வேகத்தைக் குறைத்து அணியத்தைச் சாய்வாக அதற்குக் காட்ட வேணும்.

காசு பேசும்போது ஆளுக்கா தோணிக்கா என்று முதலில் கேளுங்க. காத்து நிற்கிற நேரமும் அதில் அடக்கமா, காற்று எழும்பிப் பாதியில் திரும்பினால் எவ்வளவு என்பதையும் அப்பவே பேசி முடியுங்க. அது பேசியிருந்தால் அவரும் தயங்காமல் தோணியைத் திருப்புவார்.