கமிஷன் கட்டிக்கொண்டே இருப்பதா, தனித்தளம் போடுவதா?

நூல்கட்டி:
வணக்கம். கையால் தைத்துக் கட்டின நோட்டுப்புத்தகம் விற்கிறேன். ஒன்று 20 டாலர், தபாலுக்குத் தனியாக 5. ஒன்றரை வருஷமாக எட்ஸி என்கிற கைவினைப்பொருள் இணையச் சந்தையில் கடை, மாதம் சுமார் 18 ஆர்டர். மாதக் கடைசியில் பில்லைத் திறந்தாலே வயிறு எரிகிறது. பட்டியலில் வைத்ததற்கு ஒரு கட்டணம், விற்றதற்கு ஒன்று, பணத்தை வாங்கித் தந்ததற்கு ஒன்று, போதாக்குறைக்கு விளம்பரம் என்று ஒன்று. பேசாமல் ஷாப்பிஃபை மாதிரி, சந்தா கட்டித் தளம் போடும் சேவையில் சொந்தமாகத் தளம் போட்டுவிடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சொந்தவாசல்:
இதுல யோசிக்க என்ன இருக்கு? போட்டுடுங்க. எட்ஸி கமிஷன் 2018 நடுவுல வரைக்கும் மூன்றரை சதவீதம், அதுவும் பொருள் விலைக்கு மட்டும். அந்த ஜூலையில 5 ஆக்கினாங்க, தபால் காசையும் கணக்குல சேர்த்தாங்க. 2022 ஏப்ரல்ல ஆறரை. விற்பனையாளருங்க ஒரு வாரம் கடையை மூடிப் போராடினாங்க, ஒரு காசு குறையல. அடுத்தவன் இடத்துல கடை வச்சா வாடகையை அவன்தான் முடிவு பண்ணுவான். நான் வெளியே வந்து மூணு வருஷம் ஆச்சு, திரும்பிப் பார்க்கல.

பழுதுக்கடை:
மூணு வருஷத்துக்கு முன்னாடி வெளியே வந்தப்போ உங்களுக்கு எத்தனை பழைய கஸ்டமர் இருந்தாங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க தலைவரே. அதைச் சொல்லாம அறிவுரை மட்டும் சொன்னா எப்படி?

நான் பழைய கேமரா உதிரிபாகம் விற்கிறவன். ஈபேயில 600 பொருள் பட்டியல்ல கிடக்கு. ஒரு லென்ஸ் வளையம் ரெண்டு வருஷம் தூங்கும், திடீர்னு எங்கேயோ ஒருத்தன் அதையேதான் தேடிட்டு வருவான். அந்த ஒருத்தனை என் தளத்துக்கு நான் எப்படிக் கூப்பிடுறது? அவன் தேடுறதே ஈபேயிலதான்.

கட்டணம்னு சொன்னா, சந்தா இல்லாதவனுக்கு மாசம் 250 பட்டியல் இலவசம், அதுக்கு மேல ஒவ்வொண்ணுக்கும் 35 சென்ட். எனக்கு மிச்சம் 350, அதாவது மாசம் 122 டாலர் 50 சென்ட். வருஷச் சந்தாவா பேசிக் ஸ்டோர் எடுத்தா மாசத்துக்கு 21 டாலர் 95 சென்ட், ஆயிரம் பட்டியல் வரைக்கும் இலவசம். இதுல என்ன யோசனை? 313 பட்டியலைத் தாண்டினா சந்தா தன் காசைத் தானே சம்பாதிச்சுடும். அதுக்குக் கீழேன்னா சந்தா வீண்செலவு. கடைக்குப் பேர் போட்ட பலகை கிடைக்குதேன்னு சந்தா கட்டினவங்களை நிறையப் பார்த்திருக்கேன்.

நூல்கட்டி:
அண்ணே, என்னிடம் மொத்தமே 14 வகை நோட்டுதான்!

பழுதுக்கடை:
அப்போ உங்களுக்குச் சந்தாக் கணக்கே வேணாம்மா. கமிஷன் கணக்கு மட்டும் பாருங்க.

சொந்தவாசல்:
கமிஷனோட போச்சா? கணக்கை முடக்கினா என்ன பண்ணுவீங்க? எனக்கு நடந்தது. எந்தத் தளம்னு சொல்லல. பண்டிகைக் கூட்டம் உச்சத்துல இருந்தப்போ கணக்கு 19 நாள் நிறுத்தம். காரணம் கேட்டா அச்சடிச்ச மாதிரி ஒரே பதில், கீழே பேர்கூட இல்ல. உள்ளே என் பணம், வெளியே நான். கடைசியில 'தவறுதலாக நடந்தது'ன்னு ஒரு வரி. அந்த 19 நாள் வியாபாரத்தை எந்தக் கட்டணப் பட்டியல்ல எழுதுறது?

பழுதுக்கடை:
அது நியாயமான பேச்சு. மறுக்கல. ஆனா சொந்தத் தளத்துலயும் பணம் வாங்கித் தர்றவன் ஒருத்தன் இருக்கான். அவனும் நிறுத்தி வைப்பான். வாங்கினவன் பேங்க்ல புகார் பண்ணிப் பணத்தைத் திருப்பிக்கிட்டா அங்க உங்களுக்காகப் பேச ஆள் கிடையாது.

ஐந்தொகை:
இடையில் வருகிறேன். ஆளுக்கு ஒரு கதை சொல்லியாயிற்று, நூல்கட்டியின் எண்களை இன்னும் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. அமெரிக்கக் கட்டணத்தை வைத்துப் போடுகிறேன். பணம் வாங்கித் தரும் கட்டணம் நாட்டுக்கு நாடு மாறும்.

வாங்குபவர் கொடுப்பது 25 டாலர். எட்ஸி கமிஷன் ஆறரை சதவீதம், தபாலுக்கும் சேர்த்து, 1.63. பட்டியலுக்கு 20 சென்ட். பணம் வாங்கித் தர 3 சதவீதமும் 25 சென்ட்டும், ஆக 1 டாலர். மொத்தம் ஏறக்குறைய 2.83. பில்லில் ஆறரை என்று கண்ணில் பட்டாலும் 20 டாலர் நோட்டின் மேல் அது 14 சதவீதம்.

ஷாப்பிஃபையின் அடிப்படைத் திட்டம், மாதாமாதம் கட்டினால் 39 டாலர். பணம் வாங்க 2.9 சதவீதமும் 30 சென்ட்டும். ஓர் ஆர்டருக்கு 1.03, அதன் மேல் சந்தாவின் பங்கு. 18 ஆர்டர் என்றால் பங்கு 2.17, மொத்தம் 3.20. எட்ஸியைவிட 37 சென்ட் அதிகம். மாதம் 22 ஆர்டரில் இரண்டும் சமம், அதற்கு மேல்தான் தனித்தளம் மலிவு. 30 ஆர்டர் வந்தாலும் மிச்சம் ஆர்டருக்கு 50 சென்ட், மாதத்துக்கு 15 டாலர். அந்த 30 பேரும் செலவில்லாமல் தாமாக வந்தால் மட்டும்.

அமேசானில் விற்பதைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் இதே மாதிரிக் கணக்குதான். தனிநபர் திட்டத்தில் பொருளுக்கு 99 சென்ட், தொழில்முறைத் திட்டத்தில் மாதம் 39.99. மாதம் நாற்பது விற்பனையைத் தாண்டாதவர் சந்தா கட்டுவதில் அர்த்தமில்லை. கமிஷன் இரண்டுக்கும் தனி.

சொந்தவாசல்:
விளம்பரத்தை விட்டுட்டீங்களே ஐயா. எட்ஸி வெளியே போடுற விளம்பரத்தை ஒருத்தன் தட்டிட்டு 30 நாளுக்குள்ள வாங்கினா 15 சதவீதம். 25 டாலர்ல 3.75. முன்னாடி சொன்ன 2.83ஐயும் கூட்டினா ஆறரை டாலருக்கு மேல போகுது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சும்மாவா சொன்னாங்க!

ஐந்தொகை:
ஆண்டுக்கு 10,000 டாலருக்குக் கீழே விற்பவர் அந்த விளம்பரத்தை அணைத்து வைக்கலாம். இவருடையது 5,400தான் வருகிறது. பத்தாயிரத்தைத் தொட்டால் விகிதம் 12ஆகக் குறையும், ஆனால் அதன்பின் அணைக்கவே முடியாது. விற்பனை பிறகு இறங்கினாலும் முடியாது. அந்த விதி எனக்கும் பிடிக்காது. ஆனாலும் விற்றால்தான் கட்டணம் என்கிற விளம்பரம் வேறெங்கே கிடைக்கும்? தனித்தளத்துக்கு விளம்பரம் போட்டால் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவருக்கும் நீங்கள்தான் காசு கட்டவேண்டும்.

பழுதுக்கடை:
அப்படிப் போடுங்க! தனித்தளம் தொறந்த முதல் ஆறு மாசம் நான் ஈ ஓட்டினேன். சந்தா மட்டும் தவறாம போச்சு.

சொந்தவாசல்:
ஆறு மாசத்துல விட்டவரு வேற என்ன சொல்வாரு. சரி, கணக்கை ஒத்துக்கிறேன், 18 ஆர்டருக்குத் தனித்தளம் கட்டாது. ஆனா இந்தக் கணக்குல ஒரு ஆர்டரும் அடுத்த ஆர்டரும் ஒண்ணுன்னு வச்சுட்டீங்க. முதல் தடவை வாங்குறவனைத் தேடிப் பிடிச்சது எட்ஸி, அதுக்குக் கூலி கொடுக்கலாம். மூணாவது நோட்டு வாங்க வர்றவன் நூல்கட்டி பேரைத் தெரிஞ்சு வர்றான். அவனுக்கும் எதுக்கு அதே கூலி? உங்களுக்கு அப்படித் திரும்ப வர்றவங்க எத்தனை பேர்?

நூல்கட்டி:
இப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். மாதம் அஞ்சு பேர் சுமாராக. ஒருத்தர் ஏழு நோட்டு வாங்கியிருக்கிறார். அவர்களுக்குப் பார்சலுக்குள் ஒரு சீட்டு வைத்து என் தள முகவரியைக் கொடுத்தால்?

பழுதுக்கடை:
வேணாம்மா. சந்தையில வந்த ஆளை வெளியே இழுக்கிறது தளங்களுக்குப் பிடிக்காது. அமேசான் இதுல ரொம்பக் கறார். வாங்கினவரோட மின்னஞ்சலையும் அவர் சம்மதம் இல்லாம எடுத்து உங்க விளம்பரத்துக்குப் பயன்படுத்த முடியாது. 19 நாள் கதை கேட்டீங்கல்ல?

ஐந்தொகை:
அஞ்சு பேருக்காக 39 டாலர் கட்டினால் ஆளுக்கு 7.80 விழும், அதன் மேல் 1.03. அதற்கு எட்ஸிக்கே கொடுத்துவிடலாம்.

சொந்தவாசல்:
ஷாப்பிஃபைதான் வேணும்னு யார் சொன்னா? மாசக் கட்டணம் இல்லாத ஒரு பக்கம், பணம் கட்ட ஒரு லிங்க், போதும். பேரைத் தெரிஞ்சு தேடி வர்றவன் அங்க வரட்டும். இன்னைக்கே லாபம் வேணும்னு இல்ல, நாளைக்கு எட்ஸி கதவைச் சாத்தினா நிக்க ஒரு திண்ணை வேணுமா வேணாமா?

பழுதுக்கடை:
இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் சண்டைக்கே வந்திருக்க மாட்டேன்.

ஐந்தொகை:
நூல்கட்டி, ஒன்று கேட்க மறந்தேன். 25இல் உங்கள் செலவு எவ்வளவு? கமிஷன் விலையின் மேல் போகிறது, உங்கள் கைக்கு வருவது லாபம் மட்டும். அதைச் சொல்லாமல் 14 சதவீதம் அதிகமா குறைவா என்று பேசவே முடியாது.

நூல்கட்டி:
தாள், அட்டை, நூல், பசை எல்லாம் 7. உறைக்கும் பெட்டிக்கும் 1. தபாலுக்கு ஆறரை. மிச்சம் 10.50, அதில் எட்ஸி 2.83 போக 7.67. ஒரு நோட்டுக்கு ஒன்றரை மணி நேரம் உட்காருகிறேன்.

ஐந்தொகை:
ஒரு நிமிஷம். தபாலுக்கு 5 வாங்குவதாகத்தானே முதலில் எழுதினீர்கள்?

நூல்கட்டி:
ஆமாம். ஆரம்பத்தில் 5தான் ஆனது. இடையில் தபால்காரர்கள் ஏற்றிவிட்டார்கள், நான் கடையில் மாற்றவில்லை. ஏற்றினால் வாங்குகிறவர்கள் போய்விடுவார்களோ என்று பயம்.

பழுதுக்கடை:
37 சென்ட்டுக்கும் 50 சென்ட்டுக்கும் இங்க நாங்க மூணு பேர் மல்லுக்கட்டிட்டு இருக்கோம், நீங்க ஆர்டருக்கு ஒன்றரை டாலரைத் தபால்பெட்டியில போட்டுட்டு வர்றீங்க!

நூல்கட்டி:
ஐயோ, மாதம் 27 டாலர். இதை நான் யோசிக்கவே இல்லை. இன்றைக்கு ராத்திரியே ஆறரையாக மாற்றிவிடுகிறேன்.

சொந்தவாசல்:
மாத்துங்க அக்கா. ஏத்தின ஒன்றரைக்கும் சேர்த்து அவன் ஆறரை சதவீதம் எடுப்பான், அதையும் கூட்டிப் போடுங்க.