லைசென்ஸ் முடிந்து 10 மாதம்: அப்பா மறுபடியும் எட்டு போட வேண்டுமா?

கேள்வி (பொள்ளாச்சிப் பெண்):
அப்பாவுக்கு வயது 63. என் மகளைப் பள்ளியில் விடுவது அவர்தான், பழைய ஆம்னியில். நேற்று இன்சூரன்ஸ் கட்ட ஆர்.சி. புத்தகத்தைத் தேடியபோது அதே உறையில் அவருடைய லைசென்ஸ் அட்டையும் இருந்தது. பார்த்தால் காலாவதியாகி 10 மாதம்! அவருக்கே தெரியாது.

புரோக்கர் ஒருவர், "புதுசா எல்.எல்.ஆர். போட்டு, பைக்ல எட்டு போட்டுக் காட்டணும், மொத்தமா 6,500 ஆகும்" என்கிறார். அப்பாவுக்கு முழங்கால் வலி. அதைக் கேட்டதும், "இனி நான் ஓட்டலம்மா" என்று சாவியை ஆணியில் மாட்டிவிட்டார். அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. உண்மையிலேயே டெஸ்ட் உண்டா?

பதில் 1:
முடிந்த பிறகு 30 நாள் வரை ஓட்டலாம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். 10 மாதம் என்றால் டெஸ்ட்தான் சகோதரி.

பதில் 2:
அந்த 30 நாள் சலுகை பழைய கதை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் வந்த திருத்தம் அதை நீக்கிவிட்டது. முடிந்த தேதிக்கு மறுநாளே லைசென்ஸ் செல்லாது. ஆனால் அதே திருத்தத்தின்படி, காலாவதிக்கு முன் ஓராண்டு, பின் ஓராண்டு, இதற்குள் எப்போது விண்ணப்பித்தாலும் டெஸ்ட் இல்லாமல் புதுப்பிக்கலாம். ஓராண்டு தாண்டினால்தான் ஓட்டிக் காட்ட வேண்டும். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள்.

மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். 40 வயது தாண்டியவர்களுக்குப் படிவம் 1ஏ, அதாவது மருத்துவச் சான்று வேண்டும். அப்பாவின் வயதில் 5 வருடத்துக்குத்தான் தருவார்கள்.

ஒன்று மட்டும் கவனம். புதுப்பித்த நாளிலிருந்துதான் கணக்கு, இடைப்பட்ட மாதங்களுக்கு லைசென்ஸ் கிடையாது. இப்போது பிடித்தால் அபராதம் 5,000 ரூபாய். விபத்து என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி தகராறு செய்ய இடம் கொடுத்ததாகிவிடும். அதனால் அதுவரை சாவி ஆணியிலேயே இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணா. இன்று டாக்டரிடம் கூட்டிப்போனேன். 25 மீட்டர் தூரத்தில் நிற்கும் வண்டியின் நம்பர் தெரிகிறதா என்று அந்தப் படிவத்திலேயே ஒரு கேள்வி இருக்கிறது. டாக்டர் ஜன்னலைத் திறந்து எதிர்ச்சாரியில் நின்ற ஆட்டோவைக் காட்டினார். அப்பா நம்பரை முழுசாகப் படித்துவிட்டு, "பின்னாடி டயர்ல காத்து கம்மி" என்றும் சொன்னார். சாயங்காலமே விண்ணப்பம் போட்டாயிற்று. கார்டு வரும்வரை பாப்பாவை நான் ஸ்கூட்டியில் விடுகிறேன்.