கர்ப்ப டெஸ்ட்ல இரண்டாவது கோடு மங்கலா இருக்கு, அடுத்து என்ன செய்யலாம்?

அக்காமார்களே, குழப்பத்துல இருக்கேன். ஊர் தென்காசி பக்கம், வயசு 29, முதல் தடவை. பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கறதால மாதவிடாய் 35 நாள்லயும் வரும், 40 நாள்லயும் வரும். அதனால நாள் தள்ளிப்போனதை வச்சு எதுவும் சொல்ல முடியல.

கடைசியா வந்தது ஜனவரி 4. பிப்ரவரி 9 காலையில மெடிக்கல்ல வாங்கின கிட்ல பார்த்தேன், ஒத்தைக் கோடுதான். 12ஆம் தேதி காலை முதல் சிறுநீர்ல மறுபடி பார்த்தேன். மூணாவது நிமிஷம் 'டி' (டெஸ்ட் கோடு வர்ற இடம்) பக்கத்துல ரோஸ் கலர்ல ஒரு நிழல் மாதிரி. ஜன்னல் பக்கம் சாய்ச்சுப் பிடிச்சாத்தான் தெரியுது. வீட்டுக்காரர் "கோடே இல்லையே" என்கிறார்!

13ஆம் தேதி ரத்தத்துல பீட்டா எச்சிஜி (கர்ப்பமானா கூடுற ஹார்மோன்) பார்த்தேன், 78 வந்திருக்கு. லேப்ல "பாசிட்டிவ்தான், டாக்டரைப் பாருங்க" என்றதோடு சரி. வழக்கமா பார்க்கிற டாக்டர் ஊர்ல இல்ல, அடுத்த வாரம்தான் வருவாங்க.

மார்பு கனமா வலிக்குது. மத்தியானம் உட்கார்ந்த இடத்திலேயே தூக்கம். கடுகு தாளிக்கிற வாசனை வந்தாலே வாசலுக்கு ஓடுறேன், அந்த வாசனைக்கே பசிக்கிற ஆள் நான். வயித்துவலி, ரத்தக்கசிவு எதுவும் இல்ல. தைராய்டு மாத்திரை 50 தினமும் போடுறேன். மாமியார்கிட்ட இன்னும் சொல்லல.

இதே மாதிரி நாள் தவறி வர்றவங்க, 48 மணி நேரம் கழிச்சு எச்சிஜி கூடுதான்னு மறுபடி ரத்தம் கொடுத்துப் பார்த்தீங்களா, இல்ல டாக்டர் வந்து ஸ்கேன் எடுக்கிற வரை காத்திருந்தீங்களா?